விண்ணப்பப் படிவத்தின் கடைசிக் கட்டம்: ஓசூர் வட்டாரத்தில் ஆட்குறைப்பும் அடுத்த வேலைக்கான நேர்காணலும்

ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பரவியுள்ள தொழிற்பேட்டைகளில் ஆள் எடுக்கும் ஆலைகள் தரும் விண்ணப்பப் படிவத்தில், முன்பு பார்த்த வேலைகளுக்கென்று ஓர் அட்டவணை பொதுவாக இடம்பெறும். நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசியாகப் பெற்ற சம்பளம் என்று செல்லும் அந்த அட்டவணையின் கடைசிக் கட்டம் 'வேலையை விட்ட காரணம்' என்பது. கூடுதல் சம்பளத்துக்காகவோ சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவோ தானாக விலகியவர் அதை ஒரு வரியில் நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். உற்பத்தி குறைந்து நிறுவனமே கணக்கை முடித்து அனுப்பிய தொழிலாளிக்கோ அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. உண்மையை எழுதினால் தன்னிடம் குறை இருப்பதாக நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமும், மறைத்தால் பின்னால் வெளிப்பட்டுவிடுமோ என்ற கலக்கமும் சேர்ந்து, பலரைச் 'சொந்தக் காரணம்' என்று எழுத வைக்கின்றன. வேலை இழந்தவருக்கு மிக அதிகத் தீங்கு செய்வது அந்த இரண்டு சொற்கள்தான். ஆட்குறைப்பு என்பது சட்டத்தில் பெயரும் காரணமும் உள்ள ஒரு நிகழ்வு. அதை அதன் சரியான பெயரால், கையில் உள்ள காகிதத்தோடு பொருந்தும்படி, சுருக்கமாகச் சொல்வதே நேர்காணலில் எடுபடும் பதில். அந்தக் காகிதமே தவறான காரணத்தைச் சொல்லும்படி எழுதி வாங்கப்படும் வழக்கம்தான் இதில் உள்ள பெரிய சிக்கல்.

இந்த வட்டாரத்தில் இக்கேள்வி திரும்பத் திரும்ப எழுவதற்கு அதன் தொழில் அமைப்பே காரணம். 1970-களில் சிப்காட் எனப்படும் தமிழ்நாடு அரசின் தொழில் முன்னேற்றக் கழகம் ஓசூரில் வளாகம் அமைத்தபின், 1980-இல் அசோக் லேலண்ட் லாரி ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும், அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் டைட்டன் கடிகாரமும் வந்தன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு, குறு ஆலைகள் சுற்றிலும் முளைத்தன. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி இருப்பது இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஆனால் வாகனத் தொழிலையே பெரிதும் நம்பியிருப்பதால், லாரி விற்பனை சரிந்தால் அதன் அதிர்வு பெரிய ஆலையின் அசெம்பிளி லைனில் தொடங்கி, அதற்கு வார்ப்படம் தரும் பட்டறை, அந்த வார்ப்படத்தைக் கடைசல் செய்யும் சிஎன்சி யூனிட், அந்த யூனிட்டுக்கு டூல் தேய்த்துத் தரும் நான்கு பேர் கடை என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது.

2019-ஆம் ஆண்டு இதைத் தெளிவாகக் காட்டியது. 2018 ஜூலையில் கனரக லாரிகள் ஏற்றிச் செல்லக்கூடிய எடையின் வரம்பை மத்திய அரசு உயர்த்தியதால், இருக்கும் லாரிகளைக் கொண்டே கூடுதல் சரக்கை ஏற்ற முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐஎல்அண்ட்எஃப்எஸ் நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதைத் தொடர்ந்து, வாகனக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்களின் கை இறுகியது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 புகை விதி வரவிருந்ததால் வாங்குவோரும் உற்பத்தியாளரும் தயங்கினர். விளைவாக, 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது; எண்ணூருக்கு 16 நாட்கள், ஓசூர் அலகுகளுக்கு 5 நாட்கள். அதன்பின் கொரோனா ஊரடங்கு வந்தது. அடுத்து மின்சார ஸ்கூட்டர் வந்தபோது ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் ஆலை அமைத்ததால் புதிய வேலைகள் பெருகின. எனினும் 2023 ஜூன் 1 முதல் மத்திய அரசின் மானிய உச்சவரம்பு வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், போட்டி கடுமையானதும் அந்தத் தொழிலையும் அசைத்தன. 2025 மார்ச்சில் ஓலா எலெக்ட்ரிக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் குறைப்பதாகச் செய்திகள் வெளியாயின. இவற்றில் எதுவும் லைனில் நின்ற தனியொரு தொழிலாளியின் திறமையைப் பொறுத்து நடந்ததன்று.

ஆனால் வேலை போன எல்லாருக்கும் ஒரே விதமாக வேலை போவதில்லை. நேர்காணலில் என்ன சொல்வது என்பதற்கு முன், என்ன நடந்தது என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வட்டாரம் முழுவதும் 'லே-ஆஃப்' என்றே பேசப்பட்டாலும், சட்டத்தில் லே-ஆஃப் என்பது தற்காலிகமானது: மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாமலும், சரக்கு தேங்கியும், இயந்திரம் பழுதாகியும் நிறுவனத்தால் வேலை கொடுக்க முடியாத நாட்களைக் குறிப்பது. அந்த நாட்களில் தொழிலாளி வருகைப் பதிவேட்டில் இருந்துகொண்டே, தகுதி இருந்தால் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதியைப் பெறுவார். 2019-இல் ஓசூர் ஆலைகளில் அறிவிக்கப்பட்ட வேலையில்லா நாட்களும் தற்காலிகமானவையே. ஆட்குறைப்பு என்பது பணியே முடிந்துபோவது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் அதற்குத் தந்த விளக்கத்தில், ஒழுங்கு நடவடிக்கையாக விதிக்கப்படும் தண்டனை அல்லாத பணி நீக்கமே ஆட்குறைப்பு என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதே அடிப்படையைப் பின்பற்றுகிறது. வேலை தேடுபவருக்கு இது மிகப் பெரிய துணை. ஆட்குறைப்புக் கடிதம் ஒன்று கையில் இருக்குமானால், அவர் தவறு செய்து நீக்கப்படவில்லை என்பதைச் சட்டத்தின் விளக்கமே சொல்லிவிடுகிறது.

இன்னும் முக்கியமான ஒன்று தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். அந்த அறிவிப்பில் ஆட்குறைப்புக்கான காரணம் குறிப்பிடப்பட வேண்டும். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகச் சேரும். ஒரே வகை வேலையில் இருப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் நிறுத்தப்பட வேண்டும் என்பது பொது விதி. அதை மீறினால் நிறுவனம் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆக, விண்ணப்பப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டிய வாக்கியத்தை எழுதித் தர வேண்டிய கடமை பழைய நிறுவனத்துக்கு இருக்கிறது. காரணம் என்ன, எந்த வரிசையில் ஆள் குறைக்கப்பட்டது என்ற இரண்டும் அந்தக் கடிதத்திலும் பதிவிலும் இருந்தாக வேண்டும்.

நடைமுறையில் அந்தக் கடிதம் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. மனிதவளப் பிரிவின் அறைக்கு ஒவ்வொருவராக அழைத்து, முன்கூட்டியே அச்சிட்ட ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது இந்தியத் தொழில் நகரங்கள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் புகார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்ற வரி அக்கடிதத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் ரிலீவிங் லெட்டரும் ஒரு மாதச் சம்பளமும் உடனே கிடைக்கும், போடாவிட்டால் 'ரெக்கார்டு கெட்டுப்போகும், வேறெங்கும் வேலை கிடைக்காது' என்று சொல்லப்படுகிறது. வீட்டு வாடகையும் பைக் தவணையும் கண்முன் நிற்க, தொழிலாளி கையெழுத்திடுகிறார். இழப்பீடு போய்விடுகிறது என்பதைத்தான் தொழிற்சங்கங்கள் எடுத்துப் பேசுகின்றன, அது நியாயமே. ஆனால் அதோடு இன்னொன்றும் பறிபோகிறது: நடந்தது என்ன என்று சொல்லும் உரிமை. அடுத்த நேர்காணலில் அவர் ஆட்குறைப்பு என்று சொன்னால் காகிதம் அதை மறுக்கிறது. சொந்தக் காரணம் என்று சொன்னால், 'அப்படி என்ன சொந்தக் காரணம், மறுபடியும் வருமா?' என்ற அடுத்த கேள்விக்கு இல்லாத ஒன்றைப் புனைய வேண்டியிருக்கிறது. உடல்நலக் குறைவோ, குடும்பத் தகராறோ, மேலாளரோடு சண்டையோ என்று எதிரில் இருப்பவர் தாமாக ஊகித்துக்கொள்ள அந்த இரண்டு சொற்கள் இடம் கொடுக்கின்றன. வேலையைப் பறித்ததோடு நில்லாமல் அதற்கான விளக்கத்தையும் பறிப்பது இரட்டை அநீதி. அதை நிர்வாகத் தந்திரம் என்று பாராட்டுவோர் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த நிலையில் இருப்பவருக்கும் உண்மையைச் சொல்ல வழி உண்டு. காகிதத்தில் உள்ளதை மறுக்காமல், நடந்ததையும் சேர்த்துச் சொல்லலாம்: லைன் நிறுத்தப்பட்டபோது இத்தனை பேரிடம் ராஜினாமா பெறப்பட்டது, தானும் அவர்களில் ஒருவர், ஆகவே கடிதத்தில் அவ்வாறு இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அது. தொழிற்பேட்டைகளில் ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு இந்த நடைமுறை புதிதன்று. தங்கள் கண்முன்னே நடந்திருக்கக்கூடியதுதான். குற்றம்சாட்டும் தொனி இல்லாமல் சொல்லப்பட்டால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். கையெழுத்திடுவதற்கு முன்பே விவரம் அறிந்தவராக இருந்தால், 'நிறுவனத்தின் ஆள் குறைப்பு நடவடிக்கையின் காரணமாக' என்ற சொற்களையாவது கடிதத்தில் சேர்க்கும்படி கேட்பதும், அதன் நகலை வாங்கிக்கொள்வதும் பின்னாளில் பெரும் உதவியாகும்.

வேலை கொடுப்பவர் மனத்தில் ஓடும் சந்தேகம் எது என்பதைப் பொருளாதார ஆய்வு ஒன்று நன்கு விளக்குகிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களான ராபர்ட் கிப்பன்ஸும் லாரன்ஸ் கேட்ஸும் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆலை முழுவதுமாக மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களையும், ஆலை நடந்துகொண்டிருக்கும்போதே தேர்ந்தெடுத்து நிறுத்தப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகையினர் அடுத்த வேலையில் இழந்த சம்பளம் குறைவு, வேலையின்றி இருந்த காலமும் குறைவு. ஆலையே மூடப்பட்டால் எல்லாரும் வெளியேறியாக வேண்டும், அதில் எவருடைய திறமை குறித்தும் ஊகிக்க இடமில்லை. சிலரை மட்டும் நிறுத்தும்போது, நிறுவனம் தனக்குத் தேவையானவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பியிருக்குமோ என்று சந்தை சந்தேகிக்கிறது. தமிழ்நாட்டில் 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோதும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து மறைமலைநகர் ஆலை அடுத்த ஆண்டு ஓய்ந்தபோதும், அங்கே வேலை பார்த்தவர்களிடம் 'ஏன் நின்றீர்கள்?' என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரே அறிந்த காரணம் அது. ஓசூரின் இருநூறு பேர் யூனிட்டில் நாற்பது பேர் நிறுத்தப்பட்டால் அந்தச் செய்தி செய்தித்தாளுக்கு வராது, ஆகவே விளக்கும் பொறுப்பு அந்த நாற்பது பேரின் தோளில் விழுகிறது.

இந்தச் சந்தேகத்தை நீக்கும் தகவல்கள் இரண்டே: எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள் என்பதும், எந்த அடிப்படையில் நிறுத்தப்பட்டார்கள் என்பதும். ஆகவே நேர்காணலில் சொல்லப்படும் விளக்கம் அந்த இரண்டையும் தாங்கி, அதன்பின் உடனே கைத்தொழிலின் பக்கம் திரும்ப வேண்டும். பேச்சு வழக்கில் அது ஏறத்தாழ இப்படி அமையும்: "சார், கஸ்டமர் ஷெட்யூல் பாதியா குறைஞ்சதால நைட் ஷிஃப்ட்டையே எடுத்துட்டாங்க. எங்க செக்‌ஷன்ல பன்னெண்டு பேரை நிறுத்தினாங்க, கடைசியா சேர்ந்தவங்களை முதல்ல. லெட்டர் இருக்கு சார். அங்க மூணு வருஷமா விஎம்சில செட்டிங் நான்தான் பார்த்தேன், ஃபானுக் கன்ட்ரோல், முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் தெரியும்." இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். விஎம்சி என்பது கணினிக் கட்டளையால் இயங்கும் செங்குத்து வெட்டு இயந்திரம்; ஃபானுக் என்பது அதை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பின் பெயர்; முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் என்பது ஷிஃப்ட் தொடக்கத்தில் வெட்டிய முதல் உதிரிபாகத்தை அளந்து பார்த்தபின்பே உற்பத்தியைத் தொடங்குவது. எதிரில் இருக்கும் புரொடக்‌ஷன் மேலாளரின் காது, ஆட்குறைப்புக் கதையைவிட இந்தச் சொற்களுக்கே கூர்மையாகும். அடுத்த கேள்வி பெரும்பாலும் டாலரன்ஸ் பற்றியோ டூல் ஆஃப்செட் பற்றியோ இருக்கும், பேச்சு அங்கே போய்விட்டால் பழைய வேலை போன கதை அதோடு முடிந்தது.

பழைய நிறுவனத்தைத் திட்டுவது, சூபர்வைசரின் ஓரவஞ்சனையை விவரிப்பது, தன்னைவிடத் தகுதி குறைந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று முறையிடுவது ஆகியவை உண்மையாகவே இருந்தாலும் அந்த மேசையில் உதவாது. ஓசூரின் சிறு ஆலை உரிமையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சங்கக் கூட்டத்தில் சந்திப்பவர்கள். ஒரே வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்புபவர்கள். நேர்காணல் முடிந்து விண்ணப்பதாரர் கேட்டைத் தாண்டுவதற்குள் பழைய ஆலைக்கு ஒரு போன் போய்விடும். அங்கிருந்து வரும் பதில், அவர் சொன்னதோடு ஒத்துப்போனால் போதும். எதுவும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பொய்க் காரணம் இங்கே பெருநகரத்தைவிட விரைவில் வெளிப்படுகிறது.

காகிதங்களில் இன்று முதன்மையானது வருங்கால வைப்பு நிதியின் பதிவு. 2014 முதல் வழங்கப்படும் யுஏஎன் எனப்படும் நிரந்தர எண்ணில், ஒருவர் வேலை பார்த்த நிறுவனங்களும் சேர்ந்த, விலகிய தேதிகளும் வரிசையாகப் பதிவாகின்றன. விண்ணப்பத்தில் எழுதியதையும் அந்த வரிசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மனிதவளப் பிரிவினரின் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். மூன்றாண்டுகள் ஒரு பெரிய வாகன ஆலையின் சீருடை அணிந்து, அதன் கேன்டீனில் உண்டு, அதன் பேருந்தில் வந்து போனவர், படிவத்தில் அந்த ஆலையின் பெயரையே எழுதுகிறார், பி.எஃப். பாஸ்புக்கிலோ அவர் கேள்விப்பட்டேயிராத ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயர் இருக்கிறது, சில வேளைகளில் ஒவ்வோர் ஆண்டும் வேறொரு ஏஜென்சியின் பெயர். அடிக்கடி வேலை மாறுபவர் என்றோ பொய் சொல்பவர் என்றோ அவர் தவறாக மதிப்பிடப்பட இதுவே காரணமாகிறது. படிவத்தில் ஏஜென்சியின் பெயரை முதலில் எழுதி, அதன் வழியாக இன்ன ஆலையில் இன்ன லைனில் பணி என்று அடுத்து எழுதினால் குழப்பமே எழாது. வேலை முடிந்தபின் ஏஜென்சியிடம் சான்றிதழ் கேட்பது கெஞ்சிக் கேட்கும் சலுகையன்று: 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகள், எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும் ஒப்பந்ததாரர் பணிச் சான்றிதழ் தர வேண்டும் என்று கூறின, அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், கேட்கும்போது அனுபவச் சான்றிதழ் தருவதைக் கடமையாக்கியிருக்கிறது. விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆனபின் உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். அது பதியப்படாமல் புதிய வேலையில் சேர்ந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததுபோல் பதிவு காட்டும்.

ஒப்பந்தக் காலம் முடிந்து நின்றவரும், அப்ரண்டிஸ் பயிற்சி முடித்து வெளியேறியவரும் தங்களை ஆட்குறைப்புக்கு உள்ளானவர்களாகச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சியாளரே, தொழிலாளி அல்லர். பயிற்சி முடிந்தது என்பதே காரணம், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழே ஆதாரம்.

வேலையில்லாத இடைவெளி, அதாவது எல்லாரும் 'கேப்' என்று சொல்வது, தனிக் கவனம் பெற வேண்டியது. குரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ ஆகிய மூவர் அமெரிக்காவில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையின்றி இருந்த காலம் மட்டும் வேறுபடும்படி தயாரித்த ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இடைவெளி நீள நீள நேர்காணலுக்கு அழைப்பு வருவது குறைந்தது. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களிலேயே நிகழ்ந்தது. வேலை தட்டுப்பாடு பரவலாக இருந்த ஊர்களில் சரிவு மென்மையாக இருந்தது என்பதும் அதில் தெரியவந்தது; எல்லாருக்கும் வேலை கிடைக்காத காலத்தில் இடைவெளியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓசூர்க்காரர் இதிலிருந்து பெறக்கூடிய படிப்பினை, இழப்பீட்டுத் தொகை தீரும்வரை காத்திருந்துவிட்டுத் தேடத் தொடங்குவது நல்லதன்று என்பதுதான். இடையில் பார்த்த வேலை சிறியதாயினும், அது டெலிவரி வேலையாகவோ ஊரில் ராகி, தக்காளி விவசாயமாகவோ இருந்தாலும், அதைச் சொல்லிவிடுவதே மேல். மறைத்த மாதங்களைவிட விளக்கிய மாதங்கள் எப்போதும் குறைவாகவே உறுத்தும். அரசு ஐடிஐகளில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சியோ, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் பங்கேற்றதோ இருந்தால் அதற்கும் இடம் கொடுக்கலாம்.

தேடும் காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமே என்பதற்குத் தொழிலாளர் அரசு காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஒரு வழி உண்டு, பலருக்கும் தெரியாத வழி. அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் என்ற பெயரில் 2018-இல் தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கும் அத்திட்டத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள் சராசரி நாள் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை பெறலாம். ஒழுங்கு நடவடிக்கையால் வேலை இழந்தவருக்கும், பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவருக்கும் அது கிடையாது; விலகிய காரணம் காகிதத்தில் எவ்வாறு எழுதப்படுகிறது என்பது நேர்காணலுக்கு அப்பாலும் பின்தொடர்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எல்லை தாண்டி வேலை தேடுவது இந்த வட்டாரத்தின் தனிச்சிறப்பு. ஜூஜுவாடியைக் கடந்தால் அத்திபெலே, அங்கிருந்து பொம்மசந்திரா, ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று கர்நாடகத்தின் தொழிற்பேட்டைகள் தொடர்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டிலேயே புழங்கும் ஓசூர்க்காரருக்கு அங்கே நேர்காணல் மொழி பெரிய தடையாக இருப்பதில்லை. வைப்பு நிதி எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் மாநிலம் மாறினாலும் அப்படியே தொடரும். ஆனால் ஓசூரில் ஒரு போனில் முடியும் சரிபார்ப்பு அங்கே நடப்பதில்லை. ஓசூர் ஆலை ஒன்றின் ஆர்டர் நிலவரம் ஜிகணியில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே எழுத்தில் உள்ள கடிதத்தின் மதிப்பு எல்லைக்கு அப்பால் கூடுகிறது. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் ஒதுக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்து, தொழில் துறையினரின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது; அந்தச் சில நாட்கள் ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ஏற்படுத்திய கவலை எளிதில் மறையக்கூடியதன்று.

பெண் தொழிலாளர்கள் நிலை இன்னும் கடினம். மின்னணு ஆலைகளில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்கள் பெருகியிருக்கும் இந்த மாவட்டத்தில், ஒரு பெண்ணின் பணி விவரத்தில் ஆறு மாத இடைவெளி இருந்தால், உற்பத்தி குறைந்ததா என்று கேட்பதற்கு முன் 'கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா?' என்று கேட்கப்படுகிறது. அவர் ஆட்குறைப்பில் நின்றிருந்தாலும் அந்த இடைவெளி வீட்டின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. வேலைக்கு ஆள் எடுப்பதில் பாலின வேறுபாடு காட்டக்கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் முதலே இருக்கும் விதியை நேர்காணல் மேசையில் யாரும் வாசித்துக் காட்டப்போவதில்லை. எனினும், 'சொந்தக் காரணம்' என்ற சொற்களை எழுதுவதால் ஆணைவிடப் பெண்ணே அதிகம் இழக்கிறார் என்பது உறுதி. லைன் நிறுத்தப்பட்ட தேதியும் தான் நின்ற தேதியும் ஒன்றே என்று காட்டுவது அவருக்கு மற்றவர்களைவிடப் பெரிய பாதுகாப்பு.

பொறியாளர்கள், மேலாளர்கள் நிலை வேறு. தொழிலாளி என்ற சட்ட விளக்கத்துக்குள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளர்களும் வருவதில்லை என்பதால், ஆட்குறைப்பு அறிவிப்பும் இழப்பீடும் அவர்களுக்கு நியமனக் கடிதத்தில் உள்ள அளவுக்கே. அவர்கள் சான்றாகக் காட்டக்கூடியது பழைய மேலதிகாரியின் பரிந்துரையும், தாங்கள் முடித்த பணிகளின் விவரமுமே.

இவ்வளவும் வேலை தேடுபவர் தரப்பில் செய்யக்கூடியவை. நிறுவனங்கள் செய்யக்கூடியது இதைவிட எளிது, செலவில்லாதது: பணி விடுவிப்புக் கடிதத்தில் ஒரு வரி. ஆர்டர் குறைந்ததால் ஆட்குறைப்பு செய்யப்பட்டது, இவருடைய வேலையிலும் நடத்தையிலும் குறை இல்லை என்ற அந்த வரி, அடுத்த ஆலையின் வாசலில் ஒரு குடும்பத்தின் பல மாதக் காத்திருப்பைக் குறைக்க வல்லது. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, பணி முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தீர்க்கப்பட வேண்டும். அந்தக் காசோலையோடு இந்த வரியையும் தருவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆள் எடுக்கும் தரப்பினரும் படிவத்தின் அந்தக் கட்டத்தை 'பணி முடிந்த விதம்' என்று மாற்றி, ஆட்குறைப்பு, ஒப்பந்த முடிவு, பயிற்சி நிறைவு, ராஜினாமா என்று டிக் போட இடம் விட்டால், உண்மையைச் சொல்பவர் தயங்கி நிற்க வேண்டியிராது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நேர்காணலின் முடிவில் ஓசூரில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று இருக்கிறது: "பழைய கம்பெனியில ஆர்டர் வந்து மறுபடி கூப்பிட்டா போயிடுவீங்களா?" இது வெறும் சீண்டல் அன்று. ஆட்குறைப்புக்குப்பின் அதே நிறுவனம் ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால், நிறுத்தப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் கூறுகிறது; லாரிச் சந்தை எழுந்தால் அப்படி அழைப்பு வருவதும் உண்டு. 'போகவே மாட்டேன்' என்று சத்தியம் செய்பவரை அனுபவமுள்ள மேலாளர் நம்புவதில்லை. சேர்ந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு காலம் இருக்க எண்ணம், அதற்குச் சம்பளம், ஷிஃப்ட், வீட்டுத் தொலைவு ஆகியவற்றில் எது முக்கியம் என்பதை விண்ணப்பதாரர் வெளிப்படையாகச் சொன்னால், பேரம் அங்கிருந்தே தொடங்குகிறது. நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா, குறித்த காலப் பணியா என்று அவர் திருப்பிக் கேட்பதற்கும் அதுவே தக்க தருணம்.